சீர் வண்டியில் சித்தி குரல்

பாளையம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சங்கையாவுக்குக் கால் கடுத்தது. எம்.ரெட்டியபட்டியிலிருந்து கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்திருந்தார். அதற்கு முன்னால் காலையிலிருந்தே அலைச்சல். தாம்பாளங்களை வாடகைக்குச் சொல்லி, மாலைக்குச் சொல்லி, சீனிச் சேவுக்குச் சொல்லி, போன கடையில் எல்லாம் "ஆமாங்க, தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து, தாய்மாமன் சீரு" என்று சிரித்துச் சிரித்து வாயும் வலித்தது.

தாய்மாமன் சீர் சந்தோஷமான காரியந்தான், ஆளும் பேருமாக இருக்கிற வீட்டுக்கு. சங்கையா வீட்டில் இருப்பது சங்கையா மட்டும். மனைவி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். லீவு இல்லை என்று போனில் ஒரு வரியில் முடித்துக்கொண்டான். மருமகள் பிள்ளை பெற்று, பச்சை உடம்போடு அவள் ஆத்தா வீட்டில் கிடக்கிறாள்.

இந்தப் பக்கத்தில் சீர் வந்து இறங்கும்போது யாரும் தட்டைப் பார்க்க மாட்டார்கள். தட்டில் என்ன இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தேங்காய் பழம், துணிமணி, சீனிச் சேவு, பிள்ளைக்குக் கம்மல். அதில் பார்க்க என்ன இருக்கிறது? தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் எத்தனை பொம்பளைகள் வருகிறார்கள், அவர்கள் பாடுகிறார்களா, குலவை போடுகிறார்களா என்றுதான் பார்ப்பார்கள். பொம்பளைகள் கூட்டமாகப் பாடிக்கொண்டு வந்தால் பெண்ணைக் கொடுத்த வீடு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஆம்பளை ஒற்றையாகத் தட்டோடு வந்து நின்றால் அனாதைப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு வந்தோம் என்பார்கள். தங்கச்சி பேச்சியைக் கட்டிக்கொடுத்த இடத்தில் அப்படிச் சொல்வதற்கென்றே நாக்கைத் தீட்டிக்கொண்டு ஒரு மாமியார் இருந்தாள்.

பேச்சிக்குப் பல வருஷம் பிள்ளை இல்லை. கோயில் குளம், ஆஸ்பத்திரி என்று அலைந்து, மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு பிறந்தவள் சுவாதி. அந்தப் பிள்ளைக்குத்தான் நாளைக்குத் திருச்சுழியில் மண்டபம் பிடித்துக் காதுகுத்து. நாளைக்கு ஒரு நாளாவது பேச்சி தலைநிமிர்ந்து நிற்க வேண்டும். சங்கையாவுக்கு வேறு ஆசை ஒன்றும் கிடையாது.

அதற்காகத்தான் இர்பானைத் தேடிப் பாளையம்பட்டி வந்தார்.

இர்பானின் ஸ்டூடியோ ஒரு பழக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. கத்தாரில் கல்யாண மண்டபங்களுக்கு ஒலி அமைத்துக்கொண்டிருந்தவன், கண்ணும் இடுப்பும் கெட்டதுதான் மிச்சம் என்று திரும்பி வந்து இதை ஆரம்பித்திருந்தான். சடங்கு, காதுகுத்து, கட்சிக்காரர் பிறந்தநாள், பதினாறாம் நாள் காரியம், எதற்கு என்று சொன்னாலும் பேரைப் போட்டுப் பாட்டுச் செய்து கொடுப்பான். போன மாதம் காரியாபட்டியில் ஒரு விசேஷத்துக்குப் போனபோது சங்கையா அதைக் கேட்டார். லோடு ஆட்டோ ஒன்று பாடிக்கொண்டே வந்தது. ஒரு தெருப் பொம்பளைகள் மொத்தமும் உள்ளே உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. எட்டிப் பார்த்தால் டிரைவரும் ஸ்பீக்கரும் மட்டும் இருந்தார்கள். அன்றைக்கே விலாசம் கேட்டு வைத்துக்கொண்டார்.

"வாங்க மாமா. உக்காருங்க. பாட்டு எழுதியாந்தீகளா, நானே எழுதணுமா?"

இர்பான் கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டான். பக்கத்தில் ஆறிப்போன டீ இருந்தது. அதில் ஒரு எறும்பு மிதந்தது.

"எழுதல மாப்ளே. எங்க வீட்டுப் பொம்பளைக பாடுறது. எனக்கு மனப்பாடம்."

"சொல்லுங்க."

சங்கையா தொண்டையைச் செருமிக்கொண்டு, பாடாமல் பேச்சாகவே சொன்னார்.

"கரிசக்காட்டுப் பருத்தி வெடிக்க
கண்ணு பெத்த பேச்சி சிரிக்க
எங்க வீட்டு வெள்ளாமை எல்லாம்
தட்டுல ஏறித் தங்கச்சி வீடு வந்துச்சே."

"பேச்சி யாரு?"

"எந் தங்கச்சி. அந்த எடத்துல யாருக்குச் சீரோ அவுக பேரைப் போட்டுக்கிருவாக."

"நல்லாருக்கே. நம்ம பொழப்பை உங்க வீட்டுல எனக்கு முந்தியே செஞ்சிருக்காக" என்று சிரித்தான் இர்பான்.

பிறகு வேலையில் இறங்கினான். சங்கையா திரையைப் பார்த்தார். கோடும் கட்டமுமாக இருந்தது, வரப்புப் பிடித்த வயலை மேலிருந்து பார்க்கிற மாதிரி. இர்பான் ஒவ்வொரு சொல்லையும் துண்டு துண்டாக நறுக்கி இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, ஒவ்வொரு கட்டத்தில் உட்கார வைத்தான்.

"இதுக்குள்ள இருக்கறது யாரு மாப்ளே?"

"எங்கிட்டோ வெளிதேசத்துல, சர்ச்சுல பாடுற பொம்பளைகளாம் மாமா. கூட்டி வந்து ஒவ்வொரு எழுத்தாப் பாடச் சொல்லி எடுத்து வச்சுட்டாக. நாம எந்த வார்த்தையை நறுக்கிக் குடுத்தாலும் கோத்துப் பாடிரும். அர்த்தமெல்லாம் அதுகளுக்குத் தெரியாது."

அர்த்தம் தெரியாமல் பாடுகிற ஜனம் நம் ஊரிலும் உண்டு என்பதால் சங்கையா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் முதல் தடவை பாட்டு ஓடியதும் முகம் சுருங்கிவிட்டது. குரல்கள் பளிங்கு மாதிரி வந்தன. எல்லோரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து, ஒரே நேரத்தில் மூடினார்கள். ஒருத்திக்கும் இருமல் இல்லை, ஒருத்தியும் பிந்தவில்லை.

"இது யாரு வீட்டுப் பொம்பளைக?" என்றார்.

"யாரு வீட்டுப் பொம்பளைகளும் இல்ல மாமா."

"அதான் தெரியுதே. ஒருத்திக்காவது காட்டுல களை எடுத்துட்டு வந்த களைப்பு இருக்கா பாரு. எங்க வீட்டாளுக இப்பிடிப் பாட மாட்டாக."

"எப்பிடிப் பாடுவாக? சொல்லுங்க, மாத்துவோம்."

இர்பான் வாடிக்கைக்காரர்களிடம் வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். கேட்காமல் இருந்திருக்கலாம். சங்கையா சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"முத வரியைச் சித்திதான் எடுக்கும். தங்கலட்சுமி சித்தி. மத்தவுக சேலையை இழுத்துச் சொருகுறதுக்குள்ள அது ஆரம்பிச்சிரும். யாருக்கும் காத்திருக்காது. குரலு மூக்குல இருந்து வரும். 'வெடிக்க'ன்னு சொல்றப்ப மேல போயி, அங்கனயே கொஞ்சம் நிக்கும். அதுக்குப் பொறவுதான் மத்தவுக சேருவாக."

இர்பான் ஒரு குரலை மட்டும் பிரித்து முன்னால் இழுத்தான். மற்றதையெல்லாம் கொஞ்சம் பின்னால் தள்ளினான். ஏதோ ஒரு வட்டத்தைத் திருகினான்.

"இன்னும் மூக்கு" என்றார் சங்கையா.

திருகினான்.

"சித்தி மருமக நாகஜோதி வரியோட கடைசிச் சொல்ல முழுங்கிருவா. மூச்சுப் பத்தாது அவளுக்கு. எங்க பெரியப்பா மக ஒருத்தி இருக்கா, அவளுக்குப் பாட்டே தெரியாது. முழுக்க முனகிக்கிட்டே வந்து 'வந்துச்சே'ங்கறதை மட்டும் ஊருக்கே கேக்குற மாதிரி கத்துவா."

இர்பானுக்குச் சிரிப்பு வந்தது. நாகஜோதிக்கு மூச்சைக் குறைத்தான். பெரியப்பா மகளுக்கு வார்த்தைகளை அழித்துவிட்டு முனகல் வைத்தான். வாடிக்கைக்காரர்கள் பாட்டு நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்பார்கள். இந்த மனுஷன் கெடுத்துக் கொடு, கெடுத்துக் கொடு என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாரே என்று அவனுக்கு வேடிக்கையாக இருந்தது.

"இம்புட்டு விவரமாச் சொல்றீகளே மாமா, அவுகளையே கூட்டியாந்தா என்ன? ஒத்த மைக்குப் போதுமே."

"வர மாட்டாக."

"கேட்டுப் பாத்தீகளா?"

"கேக்காமலே தெரியும்."

இர்பான் மேலே கேட்கவில்லை. அவனுக்கும் சொந்தபந்தம் இருந்தது.

கேட்டிருந்தால் சங்கையா சொல்லியிருக்கவும் மாட்டார். நடந்தது இதுதான். சங்கையாவின் பருத்திக் காட்டுக்குப் போகிற வண்டிப்பாதை சித்தி வீட்டுக் காட்டை ஒட்டிப் போகிறது. சித்தி மகன் மருதுபாண்டி அதில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தான். வாய்ச்சண்டை முற்றி, சங்கையா போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்துவிட்டார். மருதுபாண்டியைக் கூப்பிட்டுப் பகல் முழுக்க நிற்க வைத்தார்கள். சங்கையாவுக்கு உட்கார பெஞ்சு கொடுத்திருந்தார்கள். மத்தியானம் மகனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு சித்தி வந்தாள். உள்ளே விடவில்லை. தூக்குச்சட்டியோடு வெயிலில் நின்றாள். பெஞ்சில் இருந்த சங்கையாவை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லச் சொல்கிற பார்வை அது. சங்கையா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பேச்சி தொட்டிலில் கிடந்தபோது அவர்கள் அம்மா செத்துப்போனாள். தன் பிள்ளைக்குக் கொடுத்த பாலில் பாதியைப் பேச்சிக்குக் கொடுத்து வளர்த்தவள் இந்தச் சித்திதான். அரும்பு மீசையோடு திரிந்த சங்கையாவுக்குச் சோறு போட்டவளும் அவள்தான். அப்படிப்பட்டவள் வெயிலில் நின்றபோது திரும்பிய முகத்தை அதற்கப்புறம் நேராக வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை. பாதை திறந்துவிட்டது. பேச்சு நின்றுவிட்டது. இரண்டு வீட்டுக்கும் இடையில் இருப்பது ஒரு தெருமுக்கு. அந்த முக்கைத் தாண்டுவதற்குச் சங்கையாவுக்குக் கால் வரவில்லை.

சீருக்குக் கூப்பிடுவதென்றால் போனில் சொல்வது போதாது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, வாசலில் நின்று, "வந்து சீரைத் தூக்கிக் குடுங்க" என்று வாயால் கேட்க வேண்டும். பங்காளி வீட்டுப் பொம்பளைகள் வாசலுக்கு வெற்றிலை வராமல் வாசலைத் தாண்ட மாட்டார்கள். அந்த வெற்றிலையை இரண்டு தடவை வாங்கினார் சங்கையா. இரண்டு தடவையும் அது வீட்டிலேயே வாடியது.

"மாமா, கேளுங்க இப்ப" என்றான் இர்பான்.

குரல் வந்தது. மூக்கால் எடுத்து, யாருக்கும் காத்திருக்காமல், 'வெடிக்க'வில் மேலேறி அங்கேயே நின்றது. சங்கையா சட்டென்று எழுந்தார். தோளில் கிடந்த துண்டு தானாகக் கைக்கு வந்துவிட்டது. எழுந்த பிறகுதான் தாம் எழுந்ததே தெரிந்தது. மெதுவாக மறுபடி உட்கார்ந்தார். அழுகை வந்தது. ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

இர்பான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "குலவை இதுல கெடையாது மாமா. வெள்ளைக்காரிக்கு வராது. எங்கம்மா போட்டதைப் பதிஞ்சு வச்சிருக்கேன். அதையே பத்தாள் போடுற மாதிரி ஆக்கிருக்கேன்" என்றான்.

"உங்கம்மாவா?"

"ஆமா. ரசூல் பீவி. எங்க ஆளுக கல்யாணத்துலயும் குலவை உண்டுல்ல. இந்தச் சுத்துவட்டாரத்துல எந்தச் சீருக்கும் எங்கம்மாதான் குலவை போடுது. அதுக்கே தெரியாது."

பென்டிரைவைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சங்கையா கீழே இறங்கினார். கால்வலி அப்படியே இருந்தது. ஆனாலும் பெரிய சுமை ஒன்றை இறக்கிவிட்ட மாதிரி நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை டிரைவர் மாரீஸ்வரன் லோடு ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினான். பின்பக்கம் மேடை மாதிரி பலகை போட்டு, பட்டுத்துணி விரித்து, தட்டுகளை அடுக்கினார்கள். மேலே சீரியல் லைட்டு. இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். சங்கையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரைவருக்குப் பக்கத்தில் ஏறினார்.

ஊரைவிட்டு வெளியேற இரண்டு வழி. கண்மாய்க்கரை வழியாகப் போகலாம். குண்டும் குழியுமாக இருக்கும், தட்டெல்லாம் ஆடும். இன்னொன்று சித்தி வீட்டு வாசல் வழியாகப் போகிற சிமெண்டு ரோடு.

"ரோட்டு வழியாவே போறேண்ணே. பாட்டை இப்பமே போடவா, மெயின் ரோட்டுல போய்ப் போட்டுக்கிருவமா?" என்று மாரீஸ்வரன் கேட்டான்.

தெருமுக்கு வந்துவிட்டது. சங்கையாவுக்கு வீம்பு தலைக்கேறியது. நீங்கள் இல்லாவிட்டால் என் தங்கச்சிக்குச் சீர் போகாது என்று நினைத்தீர்களா? பாருங்கள். ஆள் இல்லாவிட்டாலும் பாட்டோடு போகிறது.

"இப்பவே போடு. நல்லாக் கூட்டி வையி."

பாட்டு தெருவை அடைத்துக்கொண்டு கிளம்பியது. சித்தி வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. திரும்பிப் பார்க்கச் சொல்லிக் கழுத்து இழுத்தது. சங்கையா ரோட்டையே பார்த்துக்கொண்டு இருந்தார். வண்டி தாண்டிவிட்டது. மெயின் ரோடு வரும்வரை ஒருவிதமான கெட்ட சந்தோஷம் இருந்தது. அப்புறம் அதுவும் போய்விட்டது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலும் வெடித்த கரிசலுமாக ஓடின. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

திருச்சுழியில் மண்டபம் இருக்கிற தெருமுனையிலேயே பாட்டை மறுபடி போடச் சொன்னார். வண்டி ஊர்ந்தது. கடைகளில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பெரிய கூட்டமாத்தான் வாராக போல" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சங்கையாவுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. இதுதானே வேண்டும் என்று நினைத்தார்.

அப்போதுதான் பேச்சி ஓடி வந்தாள்.

ஆலத்தித் தட்டோடு வாசலில் நின்று வரவேற்க வேண்டியவள், தெருவுக்கே வந்துவிட்டாள். காலில் செருப்பு இல்லை. பட்டுச்சேலை தடுக்கத் தடுக்க, தட்டில் மஞ்சள் நீர் தளும்பத் தளும்ப ஓடி வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. கல்யாணத்தன்றைக்குக்கூட அவள் இப்படிச் சிரித்து சங்கையா பார்த்ததில்லை. நேரே அண்ணனிடம் வருவாள் என்று அவர் இறங்கி நின்றார். அவள் அவரைத் தாண்டி வண்டியின் பின்பக்கம் போனாள்.

"சித்தி!"

வண்டிக்குப் பின்னால் யாரும் இல்லை. தெருமுனை வரைக்கும் பார்த்தாள். ஒரு நாய் படுத்திருந்தது. ஸ்பீக்கரில் சித்தி அடுத்த அடியை எடுத்தாள்.

"எங்கண்ணே அவுக? பின்னால வாராகளா? பஸ்ஸுல வாராகளா?"

"யாரு தாயி?"

"சித்தி குரல் கேக்குதுல்ல. அவுகதான மொத எடுக்காக. நாகஜோதி மதினி குரலும் கேக்குது. எங்க எல்லாரும்?"

சங்கையா ஸ்பீக்கரைக் காட்டினார். "பாட்டுத்தான் தாயி. செஞ்சது. டவுனுல ஒரு பையன் கம்ப்யூட்டர்ல செஞ்சு குடுத்தான்."

பேச்சிக்குப் புரியவில்லை. "அப்பம் அவுக பாடிக் குடுத்தாகளா?"

"இல்ல. அவுக பாடல. அவுக மாதிரி."

மாரீஸ்வரன் ஏதோ சரியில்லை என்று பாட்டை நிறுத்திவிட்டான். திடீரென்று தெருவில் சத்தம் இல்லை. பேச்சியின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அதைப் பார்க்கச் சங்கையாவால் முடியவில்லை.

"நீ ஒத்தையா வருவேன்னுதான் நான் மனசைத் தேத்திக்கிட்டு இருந்தேன்" என்றாள் பேச்சி. "எங்க அத்தகிட்டயும் சொல்லிட்டேன். யாரும் வரமாட்டாக, எங்கண்ணன் மட்டுந்தான் வருவான், அதுபோதும்னு சொல்லிட்டேன். நேத்துச் சாயங்காலம் சித்தி போன் போட்டாக."

"உனக்கா?"

"எனக்குத்தான். சேலை எடுத்துத் தேச்சு வச்சிருக்கேன், மருமகளுக்கும் வச்சிருக்கேன்னாக. அவன் வெத்தலை வைக்கக்கூட வேணாம், வாசல்ல வண்டியை நிப்பாட்டி ஒரு வார்த்தை 'ஏறு சித்தி'ன்னாப் போதும், ஏறி வந்துருவேன்னாக. நான் சொன்னேன்னு அவன்கிட்டச் சொல்லிறாத, அவனாக் கூப்பிடணும்னு சத்தியம் வாங்கிட்டாக. அதான் நான் சொல்லல." ஸ்பீக்கரைப் பார்த்தாள். "பாட்டுக் கேக்கவும் நீ கூப்பிட்டுட்டேன்னு நினைச்சேண்ணே."

சங்கையா வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வாசல்ல வண்டியை நிப்பாட்டி ஒரு வார்த்தை. வண்டி அந்த வாசலைத் தாண்டித்தான் வந்தது. சித்தி கேட்டது அந்த ஒரு வார்த்தையைத்தான். அவர் அங்கே கூட்டி வைத்தது ஸ்பீக்கரை.

பேச்சி இடுப்பில் சொருகியிருந்த போனை எடுத்தாள். "இன்னும் நேரம் இருக்கு. வண்டியைத் திருப்பி அனுப்பிக் கூட்டியாந்துரலாம். நீயே கூப்பிடு. சத்தியத்தை மீறுன பாவம் எனக்கு வரட்டும்."

போன் மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டார்கள் என்று நினைத்தபோது சித்தி எடுத்தாள். சங்கையா வாயைத் திறந்தார். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வெளிவந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

"சித்தி."



"சொல்லுய்யா."

"வண்டி அனுப்புறேன் சித்தி. நீயும் நாகஜோதியும் கெளம்பி வாங்க. தப்பு எம் மேலதான். வந்து சீரைத் தூக்கிக் குடுங்க."

தங்கலட்சுமி சித்தி கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வைதிருந்தால் சங்கையா காலில் விழுவதாகச் சொல்லியிருப்பார். அவள் குரலில் கோபமே இல்லை. நாள் முழுக்கக் காட்டில் கிடந்து வீட்டுக்கு வந்தவள் பேசுகிற மாதிரிதான் பேசினாள்.

"காலையில நானும் அவளும் சேலை கட்டிக் கதவுக்குப் பின்னால நின்னோம்யா. வண்டிச் சத்தம் கேட்டுச்சு. வெளிய வர எடுத்து வச்ச காலு, பாட்டைக் கேட்டதும் அப்பிடியே நின்னுபோச்சு. எங்குரலு அது. எம் மூக்கு மொதக்கொண்டு வச்சிருக்க. நாகஜோதி முழுங்குறதைக்கூட வச்சிருக்க. எம்புட்டு ஞாபகம் உனக்கு."

"சித்தி..."

"நான் இல்லாட்டி உனக்குச் சீரு போகாதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நானே போறதை எங்கண்ணால பாத்துட்டேன். பாடி முடிச்சாச்சுல்லய்யா. இனி வந்து என்ன செய்ய? சேலையை அவுத்து மடிச்சு வச்சுட்டோம். நேரமாகப் போகுது, பிள்ளைய மடியில வச்சுக் காதைக் குத்து. பேச்சிகிட்ட நல்லாச் சாப்பிடச் சொல்லு."

போன் கட்டாகிவிட்டது. சங்கையா அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. சித்தியின் குரல் பக்கத்தில் நின்ற பேச்சிக்கும் கேட்டிருந்தது.

மண்டப வாசலிலிருந்து மாமியார் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக் கூப்பிட்டாள். "ஏத்தா பேச்சி, பாட்டு ஏன் நின்னுபோச்சு? உங்க வீட்டுப் பொம்பளைகளை வெயில்ல நிறுத்தாம உள்ள கூட்டியா!"

சங்கையா தலையைக் குனிந்துகொண்டார். பேச்சி மூக்கை உறிஞ்சினாள். தட்டில் அணைந்திருந்த கற்பூரத்தை மாரீஸ்வரனிடம் தீப்பெட்டி வாங்கி ஏற்றினாள். தெருவிலேயே நின்று, அண்ணன் ஒருவருக்கு மட்டும் ஆலத்தி சுற்றினாள். சுற்றிய வேகத்தில் மஞ்சள் நீர் அவர் சட்டையில் சிந்தியது. நெற்றியில் பொட்டு வைக்கும்போதும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை.

"யாரும் வரல அத்தே!" என்று வாசலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "எங்கண்ணன் மட்டுந்தான்."

பிறகு அவரிடம், "வா உள்ள, பிள்ளை அழுகுறா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.